உயர் கொலஸ்ட்ரால் உள்ளவர்களின் இதயத் தமனிகளில் இரத்த அழுத்த மருந்துகளின் விளைவு

இதயத் தமனிகள் (முடியுருத் தமனிகள்) என்பவை இதயத் தசைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்கள் ஆகும். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு இவற்றின் சுவரில் கொழுப்புப் படிவுகள் உண்டாகின்றன. உயர் இரத்த அழுத்தமும் சேரும்போது அவை விரைந்து வளர்கின்றன. இரத்த அழுத்த மருந்துகளுள் சில, அழுத்தத்தைக் குறைப்பதோடு தமனிச் சுவரிலும் நேரடியாக வினைபுரிகின்றன. எனினும் அவை கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகளுக்கு மாற்று ஆகா.

தமனிச் சுவரில் நிகழ்வது

தமனியின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான அகப்படலம் மூடியுள்ளது. இது வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு, சுவரிலுள்ள தசையைத் தளர்த்தித் தமனியை விரியச் செய்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். மிகும்போது ஆக்சிசனின் வினைத்திறன் மிக்க வடிவங்கள் பெருகி நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன. நலமான தமனியை விரிக்கும் அசிட்டைல்கோலின், படிவுள்ள தமனியைச் சுருக்குவது 1986 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. குழாய் அடைபடுவதற்கு நெடுநாள் முன்பே அதன் இயக்கம் கெட்டுவிடுகிறது என்பதே இங்கு முக்கியமானது. ஆஞ்சியோடென்சின்-2 என்னும் இயக்குநீரும் இக்கேட்டை மிகுவிக்கிறது.

மருந்து வகைகள்

எனலாபிரில், ராமிபிரில் போன்ற ஏ.சி.ஈ. தடுப்பிகள் ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைக் குறைக்கின்றன. அத்துடன் பிராடிகைனின் சிதைவதைத் தடுத்து, நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுவதைத் தூண்டுகின்றன. (இம்மருந்துகளால் சிலருக்கு வரும் வறட்டு இருமலுக்கும் பிராடிகைனின் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.) அம்லோடிபின் போன்ற கால்சிய வழித் தடுப்பிகள் தமனித் தசையைத் தளர்த்தி, திடீர்ச் சுருக்கத்தைத் தடுக்கின்றன. பீட்டா தடுப்பிகள் இதயத் துடிப்பை மெதுவாக்குகின்றன. இடது இதயத் தசைக்கான இரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் வேளையிலேயே பாய்வதால், பாய்வதற்கு நேரம் கூடுகிறது.

தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள் கொலஸ்ட்ராலைச் சற்று உயர்த்தக்கூடும். இதனால் அவை இதயத்துக்குக் கேடு என்று எண்ணுவது பொருந்தாது. 33,357 பேர் பங்கேற்று 2002 இல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில், தயசைடு போன்ற குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் ஆகிய மூன்றுக்கும் இடையே மாரடைப்பு மற்றும் இதயத் தமனி நோய் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை.

படிவுகளின் வளர்ச்சி

2004 இல் வெளியான கேமலாட் ஆய்வில், இதயத் தமனி நோயிருந்தும் இரத்த அழுத்தம் இயல்பாக இருந்த 1,991 பேர் 24 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். பெரும்பாலோர் ஸ்டேட்டின் மருந்தும் உட்கொண்டனர். இதய நிகழ்வுகள் வெற்று மாத்திரை பெற்றோரில் 23.1 விழுக்காடு, எனலாபிரில் பெற்றோரில் 20.2, அம்லோடிபின் பெற்றோரில் 16.6. இவர்களுள் 274 பேரின் தமனிகள் உள்ளிருந்து மீயொலியால் அளக்கப்பட்டன. வெற்று மாத்திரைப் பிரிவில் படிவு வளர்ந்தது. அம்லோடிபின் பிரிவில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை. ஆயினும் இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு, தொடக்கத்தில் அழுத்தம் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தோரிடம் மட்டுமே புள்ளியியல்படி உறுதியானது.

ஸ்டேட்டினுடன் சேர்த்து

2003 இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில், அழுத்த மருந்து உட்கொண்ட 10,305 பேருள் ஒரு பகுதியினருக்கு 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டேட்டின் கூடுதலாகத் தரப்பட்டது. அவர்களிடம் மாரடைப்பும் இதயத் தமனி நோய் இறப்பும் 36 விழுக்காடு குறைந்தன. இவர்களின் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்ததாக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எல்லா ஸ்டேட்டினும் எல்லா அழுத்த மருந்துடனும் ஒத்துப்போவதில்லை. அம்லோடிபின் உட்கொள்வோர் சிம்வாஸ்டேட்டினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011 இல் அறிவித்தது. மிகுந்தால் தசை சிதையும் இடர் கூடுகிறது. பீட்டா தடுப்பிகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே அளவைக் குறைக்க வேண்டும்.