உஷார்! மரவள்ளித் தழைக் குவியலில் ஆட்டை விடாதீர்கள்

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியைப் பிடுங்கத் தொடங்கினால் வயல் வரப்பெல்லாம் தழை குவிந்துவிடும். கிழங்கு லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போகும். நல்ல குச்சியை அடுத்த நடவுக்கு எடுத்து நிழலில் நிறுத்திவிடுவார்கள். தழையைக் கேட்பார் இல்லை. காட்டுக்காரர் வீட்டுக்குப் போன பிறகு, வெயிலில் காய்ந்த மேய்ச்சல் தரையைச் சுற்றிவிட்டுப் பசியோடு திரும்பும் பட்டி அந்தக் குவியலில் வாய் வைக்கும். கால்மணி, அரைமணியில் ஆடுகள் வரிசையாகச் சாயும்.

பாம்பு கடித்துவிட்டது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசும். அக்கம்பக்கத்தில் சண்டைகூட மூளும். வைத்தது யாரும் இல்லை. விஷம் அந்தத் தழையிலேயே இருந்தது. சயனைடு!

மரவள்ளிச் செடி சயனைடை அப்படியே வைத்திருப்பதில்லை. லினமாரின் என்ற பொருளாகச் சர்க்கரையோடு கட்டி ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியை இன்னொரு பக்கம் வைத்திருக்கிறது. இலை கசங்கினால், மென்றால், பாதி வாடினால் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. ஆடு மாடுகளுக்கு இன்னொரு வம்பும் உண்டு. அவற்றின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களும் இதே வேலையைச் செய்கின்றன. அதனால்தான் அசைபோடும் பிராணிகளுக்கு இந்த விஷம் இவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது.

ஏறிய பிறகு நடப்பதுதான் கொடுமை. மூச்சுக்குழாய் அடைபடவில்லை, நுரையீரலும் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய ஓடுகிறது. ஆனாலும் ஆடு மூச்சுத் திணறிச் சாகிறது. மூச்சு என்பது மூக்கோடு முடிகிற காரியம் அல்ல. அதன் கடைசிக் கட்டம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நடக்கிறது.

தின்ற தீனியிலிருந்து சக்தி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உயிரணுவுக்குள் முதலில் இரண்டாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. கிடைக்கும் லாபமும் அற்பம், 2 ஏடிபி. ஏடிபிதான் தசை சுருங்கவும், இதயம் துடிக்கவும், மூளை வேலை செய்யவும் உயிரணு செலவழிக்கும் சில்லறை. உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போன பிறகுதான் பெரிய வரவு. அங்கே அவற்றிலிருந்து உருவப்படும் எலெக்ட்ரான்கள் உள்சவ்வில் வரிசையாக நிற்கும் புரதங்களில் கைமாறிக் கைமாறிப் போகின்றன. போகிற போக்கில் வெளிப்படும் சக்தி புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளுகிறது. அவை திரும்பிப் பாயும்போது ஏடிபி உருவாகிறது. எல்லாம் சேர்த்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி. வரிசையின் கடைசியில் நிற்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி அந்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்க, தண்ணீர் பிறக்கிறது. நாம் மூச்சில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இந்த ஒரு வேலைக்குத்தான்.

சயனைடு போய் உட்கார்வது அந்தக் கடைசி நொதியில் இருக்கும் இரும்பின்மேல். கடைமடையை அடைத்தால் தலைமடைவரை தண்ணீர் தேங்கி நிற்குமே, அப்படி மொத்த வரிசையும் நின்றுபோகிறது. 30 கிடைத்த இடத்தில் 2 மட்டும். இந்தச் சுவாச நொதியின் தன்மையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வில் சயனைடையே கருவியாகவும் பயன்படுத்தினார். தசை சற்று நேரம் தாக்குப்பிடிக்கும், லாக்டிக் அமிலம் பெருகும். மூளைக்கும் இதயத்துக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

சந்தேகம் வந்தால் ஆட்டின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். மூச்சுத் திணறும் பிராணிக்கு ஈறு நீலம் பாரிக்க வேண்டும். இதற்கோ ஆரம்பத்தில் செக்கச் செவேலென்று இருக்கும். உயிரணுக்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியாததால், திரும்பி வரும் ரத்தமும் பளிச்சென்ற சிவப்பாகவே வருகிறது. கூடவே எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், நடை தள்ளாடும், விழுந்து காலை உதைக்கும். ஈறு சிவப்பாக இருக்கிறதே, ஒன்றுமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உடனே மற்ற ஆடுகளைக் குவியலிலிருந்து விரட்டுங்கள். கால்நடை மருத்துவருக்கோ 1962 எண்ணுக்கோ போன் போட்டு, “மரவள்ளித் தழை தின்றுவிட்டது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. மருத்துவர் அதைக் கையோடு எடுத்து வரவேண்டும் அல்லவா? சோடியம் நைட்ரைட் ஊசி ரத்தத்தின் இரும்பில் ஒரு பகுதியை மாற்றி, நொதியைப் பிடித்திருக்கும் சயனைடைத் தன் பக்கம் இழுக்கும். சோடியம் தயோசல்பேட் கந்தகத்தைக் கொடுத்து அதைத் தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் தள்ளும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ‘ஹைப்போ’ என்று இருந்ததே, அதே தயோசல்பேட்தான். அதற்காக நீங்களே அளவு பார்த்துப் போட்டுவிட வேண்டாம். நைட்ரைட் அளவு மீறினால் அதுவே கொல்லும். துடிக்கிற ஆட்டின் வாயைப் பிளந்து எண்ணெய், கரைசல் என்று ஊற்றுவதும் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

தழையை வீணாக்க மனமில்லையென்றால் நறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, சருகாகும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வையுங்கள். பிறகும் மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்துதான் கொடுக்க வேண்டும். பச்சையோடு பச்சையாக இருப்பதும் பாதி வாடியதும் கூடவே கூடாது. கிழங்குத் தோலுக்கும் இதே கதைதான். சதையைவிடத் தோலில் விஷம் அதிகம். ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும் பிராணிகளைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். சோளமும் லேசுப்பட்டதில்லை. இளம்பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும், வறட்சியில் வாடி மழைக்குப்பின் துளிர்த்ததிலும் இதே சயனைடு இருக்கிறது. பூக்கும்வரை அந்தக் காட்டுப் பக்கம் மாட்டை ஓட்டாதீர்கள்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். குமரியில் மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. தோலையும் அதனடியில் இருக்கும் தடித்த பட்டையையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்களே, அதுதான் காப்பு. லினமாரின் தண்ணீரில் கரைந்து போகிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். மீனும் சும்மா இல்லை. அதிலுள்ள புரதம் தரும் கந்தகத்தைக் கொண்டுதான் நம் உடல் மிச்சமிருக்கும் சயனைடைச் செயலிழக்க வைக்கிறது. முழுக்கிழங்கை நெருப்பில் சுட்டுத் தின்பதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆலைக்கென்று வந்த கிழங்கை ‘சும்மா கிடைத்தது’ என்று சமையலுக்கு எடுக்காதீர்கள். கசந்தால் துப்பிவிடுங்கள்.

உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் மரவள்ளி மாவுச் சாப்பாட்டால் 98 பேர் பாதிக்கப்பட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். காங்கோவிலும் மொசாம்பிக்கிலும் பஞ்ச காலத்தில் சரியாக ஊறவைக்காத கிழங்கையே வாரக்கணக்கில் தின்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இரண்டு கால்களும் விறைத்து நிரந்தரமாக முடங்கிப்போகும் ‘கோன்சோ’ நோய் வந்திருக்கிறது. பச்சைக் கிழங்கைக் கடித்த குழந்தைக்குத் தலைசுற்றல், வாந்தி, மூச்சு வாங்கல் என்றால் 108ஐ அழையுங்கள்; என்ன தின்றது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கிழங்கு பிடுங்கும் காட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடு உங்களுடையது அல்ல, சரி. ஆனால் தழையைத் தடத்தோரம் தள்ளிவிட்டுப் போகாமல் உழுது மண்ணுக்குள் மூடிவிடுங்கள், அல்லது நாலு முள்ளை வெட்டி மேலே போடுங்கள். அந்தப் பக்கம் பட்டி ஓட்டுகிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.