அடித்தளத்தில் அளக்க வேண்டியது: வடசென்னையில் கட்டட விதி யார் கையில்?

புதிதாக வீடு கட்டுபவர் தெருப்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம் என்பவற்றை அமெரிக்காவின் பல குடியிருப்புகளில் வீட்டு உரிமையாளர் சங்கமே கண்காணிக்கிறது. மனைப் பத்திரத்தோடு சேர்ந்தே வரும் நிபந்தனைகள் அடுத்தடுத்து வாங்குபவர்களையும் கட்டுப்படுத்துவதால், மீறியவருக்கு அபராதம் விதிக்கவும், அதைச் செலுத்தத் தவறினால் வீட்டின் மீதே உரிமை கோரவும் அச்சங்கத்தால் முடிகிறது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. தெருவிளக்குக்கும் கழிவுநீருக்கும் மனு கொடுக்கும் அதே நிலையில்தான் விதிமீறலுக்கும் அது மனு கொடுக்க முடியும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் உரிமையாளர் சங்கத்துக்குச் சற்றே வலுவூட்டினாலும், அந்த வலு வளாகச் சுவருக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆகவே வடசென்னையின் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கட்டட விதியைக் காக்கும் பொறுப்பு சென்னை மாநகராட்சியையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தையும் (சி.எம்.டி.ஏ.) சேர்ந்தது. திருவொற்றியூர், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் ஆகிய நகராட்சிகள் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தபின் அப்பகுதிகள் முதலாம் மண்டலமாயின. ராயபுரம் ஐந்தாம் மண்டலம். மூன்று ஊர்களுக்கும் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். அவற்றில் சாமானியர் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் இடையே திறந்து விட வேண்டிய இடம் முதலாவது. பேச்சுவழக்கில் இதைச் 'செட்பேக்' என்பர். மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு இரண்டாவது. உயரமல்லாத கட்டடங்களுக்கு இது பொதுவாக 2 என்பதால், அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில், எல்லா மாடிகளும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை எழலாம்.

தாளில் எளிதாகத் தெரியும் இக்கணக்கு, ராயபுரத்தின் குறுகிய தெருக்களில் உள்ள மனைகளுக்குள் அடங்க மறுக்கிறது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து பிரிந்து ஒடுங்கிப்போன மனையில் பக்கவாட்டில் இடம் விட்டால் அறைக்கு அகலம் போதாது என்பதால், சுவர் எல்லைவரை போகிறது, மாடிப்படி தெருவில் இறங்குகிறது, முதல் மாடியின் பால்கனியும் சன்ஷேடும் தெருவுக்கு மேல் நீள்கின்றன, வாசற்படி மழைநீர் வடிகாலின் மூடியை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கு நியாயமாகத் தோன்றும் ஓரிரு அடியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தீயணைப்பு வண்டி நுழையவும், தூர்ந்த வடிகாலைத் திறக்கவும் மிச்சம் இருப்பது அந்த ஓரிரு அடிகள் மட்டுமே. கீழ்த்தளத்துப் பின்னறையில் படுத்திருக்கும் முதியவருக்குப் பகலிலும் விளக்கு தேவைப்படுவதும் இதே கணக்கின் விளைவுதான்.

எண்ணூர்க் கரையோரத்தில் மேலும் ஒரு விதி சேர்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் 1991இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டு, 2011இலும் 2019இலும் திருத்தி வெளியிடப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல ஆணைக்கு உட்பட்டது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஓரளவு ஒப்பாகச் சொல்லத்தக்க அமைப்பு ஊர்ப் பஞ்சாயத்து. ஊரின் பொது இடம் பற்றிய வழக்குகளில் அதன் சொல்லுக்கு மதிப்புண்டு. அச்சொல்லுக்குச் சட்ட வடிவம் இல்லாதது குப்பத்தாருக்குப் பெரிய இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

மீறல் நடந்தபின் அரசின் கையில் இருப்பது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 57ஆம் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தவும், 56ஆம் பிரிவு அனுமதியற்ற பகுதியை அகற்றவும், பூட்டி முத்திரையிடவும் வழிசெய்கின்றன; முத்திரையிடப்பட்டவர் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 113-ஏ, 113-சி பிரிவுகள் வழியாகக் கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய மீறல்களை வரன்முறைப்படுத்தும் பழக்கமும் இதே சட்டத்தில் புகுந்தது; 113-சி பிரிவு 2007 ஜூலைக்கு முன் கட்டப்பட்டவற்றுக்கானது. இன்று மீறினால் நாளை பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையை இது மேஸ்திரிகள் வரை பரப்பிவிட்டது. அந்த நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17ஆம் நாள் தீர்ப்பில் மறுத்தது: காலம் கடந்துவிட்டது, பணம் போட்டாகிவிட்டது, அதிகாரிகள் பேசாமல் இருந்தார்கள் என்பதால் விதிமீறல் செல்லுபடியாகிவிடாது என்றும், பணி முடிவுச் சான்று பார்த்த பிறகே வங்கிக் கடனும் மின் இணைப்பும் தரப்பட வேண்டும் என்றும் அது கூறியது.

அதே ஆண்டு ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டமோ, 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி தருகிறது. இவ்வகை வீடுகளுக்குப் பணி முடிவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு. அலுவலகம் அலுவலகமாக அலைந்த சிறு வீட்டுக்காரருக்கு இது பெரும் நிம்மதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நெருக்கமான தெருக்களில் அளவு நாடாவோடு வருபவர் எவரும் இல்லாமல் போகும்போது, மீறலை முதலில் காண்பவர் அண்டைவீட்டார் மட்டுமே. குடியிருப்போரின் கண் உயிர் காக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து 24 வீடுகள் மண்ணானபோது உயிரிழப்பு நேராததற்குக் காரணம், விரிசலைக் கவனித்த குடியிருப்போர் முன்கூட்டியே வெளியேறியதுதான்.

அப்படிக் கவனிப்பவர் செய்யக்கூடியவை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அனுமதி வரைபடத்தின் நகலைக் கோரி, கதவு எண்ணையும் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதி, 57ஆம் பிரிவின்கீழ் வேலையை நிறுத்துமாறு கேட்கலாம். பதில் வராவிட்டால், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். இவை அனைத்தும் அடித்தளம் எழும்பும் வாரத்தில் செய்யப்பட்டால் ஒரு செங்கல் வரிசையோடு பிரச்சினை தீரும்; கான்கிரீட் கூரை போட்டு, போகியத்துக்கு ஒரு குடும்பமும் குடிவந்த பின்னர் முத்திரை வைக்கப்பட்டால், பிளானையே பார்த்திராத அந்தக் குடும்பமே முதலில் தெருவுக்கு வருகிறது.