ஓதம் தடுத்த கப்பல்

சௌராஷ்டிரக் கரையிலுள்ள கோகாவுக்கும் எதிர்க்கரையிலுள்ள தஹேஜுக்கும் இடையே காம்பே வளைகுடாவின் அகலம் சுமார் 31 கிலோமீட்டரே. தரைவழியே செல்வோரோ வளைகுடாவைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தாக வேண்டும். சூரத் வைரப் பட்டறைகளில் உழைப்போரில் மிகப் பலர் பாவநகர், அம்ரேலி ஜில்லாக்களிலிருந்து சென்றவர்கள். ஊரில் கலியாணமோ சாவோ நேர்ந்தால் இரவு முழுவதையும் பஸ்ஸில் கழிப்பது அவர்கள் வழக்கம். ஆகவே, 2017-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி பிரதம மந்திரி கோகாவில் கப்பல் போக்குவரத்தைத் துவக்கி வைத்தபோது ஜனங்கள் அடைந்த உவகை இயல்பானதே. மறு வருஷம் லாரிகளையும் கார்களையும் ஏற்றிச் செல்லும் கப்பலும் வந்தது. அது வந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள், தஹேஜ் துறையில் போதிய ஆழமில்லையென்று நிறுத்தப்பட்டது.

பழியைக் கடல்மீது சுமத்துவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். இவ்வளைகுடா வாய் அகன்று, உட்செல்லச் செல்லக் குறுகுவது. அரபிக் கடலினின்று புகும் ஓதம் ஒடுங்கிய இடத்தில் குவிந்து உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாவநகரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 10 மீட்டரை எட்டும். சென்னையில் ஒரு மீட்டரளவே காணும் நமக்கு இது விந்தைதான். ஏற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிஷம் பிந்தி வருமாதலால், அதை நம்பிய கப்பலின் நேர அட்டவணை சந்திரன் இஷ்டப்படி மாற வேண்டும். வேலைக்குச் செல்வோனுக்கு அது ஒவ்வாது. போதாக்குறைக்கு நர்மதை சுமந்து வரும் வண்டல் வேறு. வாரிய இடம் மீண்டும் தூர்ந்து போகும். (இதே ஓதம் பாவநகர் ஜில்லாவிலுள்ள அலங் கரைக்கு ஜீவனம் அளிக்கிறது. பெரிய ஓத நாளில் பழங்கப்பல்களை வேகமாகக் கரையேற்றி, நீர் வற்றியதும் உடைக்கிறார்கள்.)

இவை புதிய சங்கதிகளல்ல. செங்கடல் முதல் இந்தியத் துறைகள் வரை விவரித்து, 1,900 வருஷங்களுக்கு முன் பெயரறியாக் கிரேக்கர் ஒருவர் எழுதிய நூலில் நர்மதை முகத்தின் அபாயம் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. இன்றைய பரூச்சுக்கு வரும் அந்நியக் கப்பல்களை, அரசன் ஊழியத்திலிருந்த மீனவர் சௌராஷ்டிரம் வரை எதிர்சென்று சந்திப்பராம். ஏற்றம் தொடங்கியதும் இழுத்துச் செல்வராம். வற்றத்தின்போது குறித்த இடங்களில் நிறுத்திக் காத்திருப்பராம். அவ்வரசன் கரையறிந்தவரைக் கலந்தே காரியம் செய்தான்.

2020 நவம்பர் 8 முதல் கப்பல், சூரத்தையடுத்த ஹஜிராவுக்குத் திருப்பப்பட்டது. கடல்வழி சுமார் 90 கிலோமீட்டர். பிரயாணம் சுமார் நான்கு மணி நேரம். சூரத் செல்வோருக்கு இது நன்மையே என்பதை மறுக்கவில்லை. ஆனால் தஹேஜுக்கென 600 கோடி ரூபாய்க்கு மேல் திட்டமிட்டவர்கள் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள். இனி எந்தத் துறைக்கும் தோரணம் கட்டுமுன், மழைக்காலத்துக்குப் பிந்திய மாதங்கள் உட்பட ஓராண்டு முழுவதும் ஆழத்தை அளந்து சர்க்கார் வெளியிடட்டும். ஆண்டுதோறும் தூர் வாரும் செலவு யாரைச் சேர்ந்ததென்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.