வளையத்தை இறுக்கினால் மட்டும் போதுமா?

‘இரைப்பையை வெட்ட வேண்டாம், குடலை மாற்றி இணைக்க வேண்டாம், ஒத்துவராவிட்டால் கழற்றிவிடலாம்.’ இந்த வாக்குறுதிகளை நம்பி உலகெங்கும் லட்சக்கணக்கானோர் கேஸ்ட்ரிக் பேண்ட் எனும் இரைப்பை வளையத்தைப் பொருத்திக்கொண்டார்கள். 2011-ல் அமெரிக்காவில் நடந்த உடல் பருமன் அறுவைசிகிச்சைகளில் மூன்றில் ஒன்று இதுதான். பத்தே ஆண்டுகளில் அது ஒரு சதவீத அளவுக்குச் சுருங்கிப்போனது.

உள்ளே நடப்பது என்ன?

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகோன் வளையத்தை மாட்டுவார்கள். அதற்கு மேலே சில ஸ்பூன் உணவு மட்டுமே கொள்ளும் சிறு பை உருவாகும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். வளையத்தின் உட்புறம் சைக்கிள் ட்யூப் போல உப்பக்கூடியது. அதிலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் சிறு ‘போர்ட்’டில் முடியும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் இந்த வளையத்தை 1986-ல் நியூ ஜெர்சியில் அறிமுகப்படுத்தியவர் டாக்டர் லுபோமிர் குஸ்மாக். எத்தியோப்பியாவில் பிறந்த டாக்டர் மிடிகு பெலாச்யூ, 1993-ல் பெல்ஜியத்தில் லேப்ராஸ்கோப்பி முறையில் அதைப் பொருத்தினார்.

உண்மையான சிகிச்சை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மருத்துவர் விரலால் போர்ட்டைத் தடவிக் கண்டுபிடித்து, ஊசி வழியே கொஞ்சம் உப்புநீரை ஏற்றுவார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார். சிரமமில்லாமல் இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். எதுக்களித்தால் ஏற்றியதில் கொஞ்சத்தை எடுத்துவிடுவார். எடையும் உடல்நிலையும் மாற மாற, இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இறுக்கம் கூடிவிட்டால் ரொட்டியும் கோழிக்கறியும் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சத்தான உணவு வாந்தியாக வெளியேற, இனிப்பு மட்டும் உள்ளே தங்கும். எடை திரும்ப ஏறும்.

பலனும் பாதிப்பும்

பேண்டால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. 2008-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சர்க்கரை நோய் வந்து அதிக காலம் ஆகாத 60 பேரைக் கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பேண்ட் பொருத்தியவர்களில் 73 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 13 சதவீதம்தான். ஆனால், அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தில் பேண்ட் பொருத்திக்கொண்ட சுமார் 25,000 பேரைப் பற்றிய 2017 ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சராசரியாக நாலரை ஆண்டுகளுக்குள் அவர்களில் 18.5 சதவீதத்தினருக்கு மறு அறுவைசிகிச்சை தேவைப்பட்டது. வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போவது, மேல் பை வீங்குவது எனக் காரணங்கள் பல.

இத்தனைக்கும் பழி விழுந்தது பெரும்பாலும் நோயாளிகள்மீதுதான். ‘வாயைக் கட்டவில்லை’ என்று சொல்வது சுலபம். ஆனால், பசி இரைப்பையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. ஹார்மோன்களும் மூளையும் சேர்ந்து நடத்துவது. இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது), பைபாஸ் (குடலை மாற்றி இணைப்பது) சிகிச்சைகள் அந்த ஹார்மோன்களையும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஆபத்துகள் உண்டு. வாழ்நாள் கண்காணிப்பும் தேவை.

அறுவைசிகிச்சைக்கு யோசிப்பவர்கள் ‘எத்தனை கிலோ குறையும்?’ என்பதோடு, ‘பத்து வருஷம் கழித்து என்னைப் பார்க்கப்போவது யார்?’ என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வாந்தி, நெஞ்செரிச்சல், இரவு இருமல் வந்தால் உடனே பரிசோதனை அவசியம். தண்ணீர்கூட இறங்காவிட்டால் அது அவசர நிலை. எடை கூடிவிட்டதே என்று கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. கருவி கைவிட்டது நோயாளியின் குற்றமல்ல.