கோட்டுக்குள் வந்த வயல்: ஹில்ஸ்பரோ அன்றும் இன்றும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு மேற்கே இருக்கிறது ஹில்ஸ்பரோ. 1960களில் அது டுவாலட்டின் பள்ளத்தாக்கின் விவசாய ஊர். கோதுமை, புல்விதை, பெர்ரி, ஹேசல்நட் தோப்புகள். அந்த நாளில் ஊரை ஒட்டி 'ரான்லர் ஏக்கர்ஸ்' என்று பெயர் சூட்டி மனைப்பிரிவு போட்டு விற்றார்கள். ஆனால் வீடுகள் வரவில்லை. நூற்றுக்கணக்கானவர்களின் பெட்டியில் பத்திரம் கிடந்தது. மனையில் புதர் மண்டியது.

நிலத்தைக் கூறுபோடுவது எளிது. கூறுபோட்டதைத் திரும்ப ஒன்றாக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஹில்ஸ்பரோ நகராட்சி அனுபவித்தே தெரிந்துகொண்டது. பெரிய ஆலைக்கு ஒரே வளைப்பாக நிலம் வேண்டும். நடுவில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் திட்டம் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு மனையின் உரிமையாளரையும் தேடிப் பிடித்து, விலை பேசி, பத்திரங்களை ஒன்றாகச் சேர்த்தது நகராட்சியின் மறுசீரமைப்பு அமைப்பு. 1994 வாக்கில் இன்டெல் அங்கே காலூன்றியது. இன்று அந்நிறுவனத்தின் புதிய சிப் தயாரிப்பு நுட்பங்கள் முதலில் உருவாவது ரான்லர் ஏக்கர்ஸில்தான். பழைய மனைப்பிரிவின் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்கிடையில் சட்டமும் மாறியிருந்தது. ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில், 1973இல், மாநிலம் முழுமைக்குமான நிலத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதன்படி 1979இல் போர்ட்லாந்து வட்டாரத்தைச் சுற்றி நகர வளர்ச்சி எல்லை வரையப்பட்டது. கோட்டுக்கு உள்ளே நகரம் வளரலாம். வெளியே இருப்பது வயலும் காடும். கோட்டைப் பராமரிக்கும் பொறுப்பு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மெட்ரோ என்ற வட்டார அமைப்பினுடையது. வருங்கால வளர்ச்சிக்கு இடம் போதவில்லை என்று தெரிந்தால் கோட்டை வெளியே தள்ளலாம்.

தொழில் நிலத்தின் தலைவலி தொடங்குவது இங்கேதான். ஒரு வயல் கோட்டுக்குள் வந்த மறுநாளே அதன் மதிப்பு ஏறிவிடும். தொழிலுக்கு என்று ஒதுக்கினால் ஒரு விலை, வீட்டுக்கும் கடைக்கும் என்றால் அதைவிடக் கூடுதல் விலை. ஆகவே நிலம் வைத்திருப்பவர் ஒதுக்கீட்டை மாற்றச் சொல்லி மனுவோடு வந்து நிற்பார். போர்ட்லாந்திலிருந்து ரயில் பாதை வந்தபோது, ஹில்ஸ்பரோவின் ஒரென்கோ பகுதியில் தொழில் மண்டலமாக இருந்த நிலம், 1990களில் நிலையத்தைச் சுற்றிய குடியிருப்பாக மாறியது. நடந்தே கடைக்குப் போகலாம், அழகான பகுதி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அப்படிப் பயன் மாறும் ஒவ்வோர் ஏக்கருக்கும் ஈடாக இன்னோர் ஏக்கரைக் கோட்டுக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது. ஆலை நிலத்தைக் காப்பதும் விவசாயியின் வயலைக் காப்பதும் ஒரே வேலை என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

மெட்ரோவும் இதைப் புரிந்துகொண்டது. 2002இல் எல்லையை 18,000 ஏக்கருக்கு மேல் விரித்தபோது, ஹில்ஸ்பரோவின் ஷூட் ரோடு பகுதியில் சுமார் 200 ஏக்கரை உயர்தொழில்நுட்பத் தொழிலுக்கென்றே ஒதுக்கி, பெரிய துண்டுகளாகவே வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. 2004இல் தொழிலுக்காகவே ஏறத்தாழ 2,000 ஏக்கர் சேர்ந்தது. வட்டார முக்கியத்துவம் உள்ள தொழில் பகுதிகளில் ஒரு கடை 3,000 சதுர அடியைத் தாண்டக் கூடாது. 50 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை இஷ்டத்துக்குக் கூறுபோட முடியாது. ரான்லர் ஏக்கர்ஸில் பட்ட பாட்டை மறக்காதவர்கள் எழுதிய விதிகள் போலவே இருக்கின்றன. ஜெனன்டெக்கின் மருந்து ஆலை ஷூட் ரோட்டுக்கு வந்தது அந்த நிபந்தனை காத்து வைத்த நிலத்தில்தான்.

இன்று ஷூட் ரோடு இருக்கும் அதே வடக்கு ஹில்ஸ்பரோவில் ஜன்னலில்லாத நீண்ட கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. டேட்டா சென்டர்கள். மின்சாரம் ஏராளமாக இழுக்கும். கட்டி முடித்த பிறகு ஆள் அதிகம் தேவையில்லை. தொழில் மண்டலத்தில் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது, வரிச் சலுகையும் கிடைத்தது. கடையையும் வீட்டையும் தடுத்த வேலி இவற்றைத் தடுக்கவில்லை. வேலைவாய்ப்பு என்று சொல்லி விவசாயியிடமிருந்து எடுத்த மண்ணில் சர்வர்களை அடுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2023இல் சிப் தொழிலை ஈர்க்க ஓரிகன் ஒரு சட்டம் போட்டது. வழக்கமான நடைமுறையைத் தாண்டி நிலத்தைக் கோட்டுக்குள் கொண்டுவர ஆளுநருக்குத் தற்காலிக அதிகாரம் கிடைத்தது. ஹில்ஸ்பரோவுக்கு வடக்கே 373 ஏக்கர் பரிசீலனைக்கு வந்தது. அது 50 ஆண்டுகளுக்குத் தொடுவதில்லை என்று வாக்களித்துக் காப்பு நிலமாக அறிவித்திருந்த வளமான மண். விவசாயிகள் எதிர்த்தார்கள். எதிர்பார்த்த மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் வேறு மாநிலங்களுக்குப் போகவே, 2024 கடைசியில் ஆளுநர் டீனா கோடெக் அந்த முயற்சியைக் கைவிட்டார். மறு ஆண்டே இன்டெல் ஓரிகனில் 2,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது.

அடுத்த முறை யாராவது கோட்டைத் தள்ளக் கேட்டு வந்தால், உள்ளே இன்னும் உடையாமல் இருக்கும் 50 ஏக்கர் துண்டுகள் எத்தனை, அவற்றில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்ற கணக்கை முதலில் மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும். ஏக்கருக்கு இத்தனை வேலை என்று எழுதிக் கையெழுத்திடாத எவருக்கும் வயலைத் திறந்துவிடக் கூடாது.