இராஜதந்திரமும் உணவுக் கிடங்கும்

நாடுகளுக்கிடையிலான உறவு முற்காலத்தில் மன்னர்களும் அவர்தம் தூதர்களும் நடத்திய தனி உரையாடலாகவே இருந்தது. போர், சமாதானம், எல்லை ஆகியவையே அதன் பொருள்கள். 1815-இல் வியன்னாவில் கூடிய ஐரோப்பிய வல்லரசுகள், தூதர்களுள் யார் யாருக்கு முந்தியவர் என்பதை வரையறுக்கவே தனி விதி செய்தன. தலைநகரின் கட்டளை வந்து சேரப் பல வாரங்கள் ஆனமையால், தூதரே பல முடிவுகளை எடுக்க நேர்ந்தது.

தந்தியும் தொலைபேசியும் விமானமும் அந்நிலையை மாற்றின. நாடுகளின் எண்ணிக்கையும் பெருகியது. 1945-இல் 51 உறுப்பினர்களுடன் தொடங்கிய ஐக்கிய நாடுகள் சபையில் இன்று 193 நாடுகள் உள்ளன. எனினும், இவற்றினும் பெரிய மாற்றம் பேச்சுவார்த்தையின் பொருளில் ஏற்பட்டதாகும். உள்நாட்டுக் கொள்கை என்று கருதப்பட்டவை இன்று பன்னாட்டு மேசைக்கு வந்துவிட்டன.

இந்தியாவின் உணவுக் கொள்முதல் இதற்குத் தக்க சான்று. 1947-இல் இந்தியா உள்ளிட்ட 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் ஒப்பந்தம் பெரும்பாலும் சுங்க வரியைப் பற்றியதே. 1986 முதல் 1994 வரை நடைபெற்ற உருகுவே சுற்றுப் பேச்சுகளின் விளைவாக வேளாண் மானியங்களும் விதிகளுக்கு உட்பட்டன. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. ஆதரவு விலைக்கும் 1986-88 காலத்து நிலையான அடிப்படை விலைக்கும் உள்ள வேறுபாடே மானியமாகக் கணக்கிடப்படுகிறது. வளர்முக நாடுகளுக்கு இதன் பொதுவான வரம்பு உற்பத்தி மதிப்பில் 10 சதவிகிதம்.

இக்கணக்கின் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அடிப்படை விலை 100 ரூபாய் என்றும், இன்றைய ஆதரவு விலையும் சந்தை விலையும் 500 ரூபாய் என்றும் கொள்வோம். உழவர் சந்தை விலைக்கு மேல் எதுவும் பெறவில்லை. ஆயினும் 400 ரூபாய் மானியமாகக் கருதப்படும்.

2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மக்களில் 67 சதவிகிதம் வரை மலிவு விலைத் தானியத்திற்கு உரிமையுடையோராக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் பாலி மாநாடு, அப்போது நடைமுறையிலிருந்த உணவுக் கையிருப்புத் திட்டங்கள்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்னும் இடைக்காலப் பாதுகாப்பை அளித்தது. நிரந்தரத் தீர்வுக்கு உறுதி வேண்டி, 2014 ஜூலையில் வர்த்தக வசதி ஒப்பந்தத்திற்கான இசைவை இந்தியா நிறுத்திவைத்தது. நிரந்தரத் தீர்வு காணும் வரை அப்பாதுகாப்பு நீடிக்கும் என அதே ஆண்டு நவம்பரில் முடிவாயிற்று. 2018-19-இல் அரிசிக்கான மானியம் வரம்பைக் கடந்தபோது, இந்தியா அதனை 2020-இல் முறைப்படி அறிவித்து இப்பாதுகாப்பைப் பயன்படுத்தியது. 2024 அபுதாபி மாநாட்டிலும் நிரந்தரத் தீர்வு எட்டப்படவில்லை.

இப்பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. மானியக் கணக்கை உரியவாறு அறிவித்தல் வேண்டும். கையிருப்பு பிற நாடுகளின் உணவுப் பாதுகாப்பையும் வர்த்தகத்தையும் பாதித்தலாகாது. எனவே கொள்முதல் நிலையத்தில் எழுதப்படும் எடையும் விலையும் ஜெனீவாவில் நம் வாதத்திற்கு ஆதாரமாகின்றன. வெளியுறவு அமைச்சகத்தோடு வேளாண்மை, உணவு, வர்த்தகத் துறைகளும் இன்று இராஜதந்திரத்தில் பங்கு கொள்கின்றன. கணக்கைச் செம்மையாகப் பேணும் அலுவலரும் அப்பணியில் ஒருவரே.