பிரயாணிக்குக் காவல் யார்?

திருக்கோணமலைத் துறைமுகத்தின் இயற்கை அரணைப் புகழாதார் இல்லை. குறுகிய வாயில், அதனை நோக்கி நிற்கும் குன்றின்மேல் ஒஸ்டன்பேர்க் கோட்டை. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதன்பொருட்டே போரிட்டனர். வாயிலைக் காத்தவன் துறைமுகம் முழுவதையும் காத்தவனாவான்.

இந்நகரிலிருந்து புறப்படும் பஸ் வண்டிக்கோ அத்தகைய வாயில் யாதும் இல்லை. கந்தளாய், ஹபரணை வழியே செல்லும் வீதியில் எவரும் கைகாட்டி ஏறலாம். ஏற முடியாதெனில் அது பொதுமக்கள் வண்டியும் அன்று.

1987 ஏப்ரல் 17 ஆம் திகதி, புத்தாண்டு கழிந்த மூன்றாம் நாள், அவ்வீதியில் அலுத் ஓயாவுக்கருகே பஸ் வண்டிகளும் லொறிகளும் மறிக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பழி புலிகள் இயக்கத்தைச் சார்ந்தது. நான்கு நாட்களின்பின், கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடிகுண்டு நிறைந்த கார் வெடித்து மேலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1985 மே 15 இல், நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் தமிழ்ப் பிரயாணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்பழி கடற்படையினரைச் சார்ந்தது. பிரயாணச் சீட்டு வாங்கியதன்றி இவர்கள் எவருக்கு என்ன தீங்கு இழைத்தனர்?

காட்டு வீதிக்கு ரோந்து வேண்டும். பஸ் நிலையத்திலோ, சனக்கூட்டத்தின் அருகே வேறு வாகனங்களை நிறுத்தவிடலாகாது. புகையிரதத்தின் நிலை வேறு. 1996 ஜூலை 24 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியோர் நிறைந்த வண்டியில், தெஹிவளையில் வெடித்த குண்டுகள் பயணப் பெட்டிகளுள் வைக்கப்பட்டிருந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெட்டியை வைத்துவிட்டு இறங்கிச் செல்பவனைச் சோதனைச் சாவடி காணாது. அருகில் அமர்ந்தவரே காண்பார்.

பொருளை ஒளிக்க இடங் கொடாமையும் ஒரு காவலே. இலண்டன் நிலையங்களில் குப்பைத் தொட்டிகளை அகற்றினர். பாரிஸ் நகரில் 1995 ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புகளின்பின் உள்ளிருப்பது தெரியும் பைகளைத் தொங்கவிட்டனர். செலவு சொற்பம்.

யுத்த காலத்தில் நம் பிரயாணிகள் சாவடிதோறும் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து சென்று மீண்டும் ஏறினர். பச்சிளங் குழந்தையுடன் வெயிலில் நின்ற தாய்மார் எத்தனை பேர்! சோதனை வேண்டாமென நாம் கூறவில்லை. ஆயினும், பெயரைப் பார்த்துச் சந்தேகிக்கும் சோதனையால் பெருநட்டம் ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய பொதியைக் கண்ட தமிழன், “சொன்னால் என்னையே பிடிப்பார்களே” என அஞ்சி வாய் மூடுவான். அவ்வண்டியைக் காக்கவிருந்த கண்கள் அத்துடன் பயனற்றுப் போம்.

மாணவர்கள் இதை மனத்திற் கொள்க: உரியவரற்ற பொதியைத் தொடவோ, நகர்த்தவோ, திறக்கவோ வேண்டாம். முதலில், “இது யாருடையது?” என உரக்கக் கேட்க வேண்டும். பதிலில்லையேல் சாரதிக்கோ நடத்துநருக்கோ அறிவித்து, யாவரும் இறங்கித் தொலைவில் நின்று, 119 என்னும் இலக்கத்திற் பொலிசாரை அழைக்க வேண்டும். பொதிக்குரியவர் பின்னர் வந்து நகைத்தாலும் நகைக்கட்டும்.